பெயருக்கு எவ்வளவு, போத்தலுக்கு எவ்வளவு?

யாழ்ப்பாணத்தில் வைன் பட்டியலைச் சரியாக வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், நான் ஹோட்டல்களின் பக்கம் கையைக் காட்டமாட்டேன். குருநகரைக் காட்டுவேன். ஜூலையில் புனித யாகப்பர் திருவிழாவுக்கு வந்திறங்கி, விடுமுறை முடியும்வரை கடற்கரை வீதியிலும் றெக்கிளமேசன் வீதியிலும் நடமாடுகிற, பாரிஸில் குடியேறிய ஊரவர்களில் பலர், அந்த நகரத்து உணவகக் குசினிகளில் பல வருடம் நின்றவர்கள். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு வந்தவர்கள். மேசையில் இருப்பவருக்குக் காட்டப்படும் விலையையும், பின்கதவால் பெட்டி இறங்கும்போது சீட்டில் எழுதியிருக்கும் விலையையும் ஒன்றாகப் பார்த்தவர்கள்.

போர் முடிந்தபின் யாழ். நகரத்திலும் ஹோட்டல்கள் பெருத்துவிட்டன. பெரியவற்றில் மெனுவோடு இன்னொரு தடித்த அட்டைப் புத்தகமும் மேசைக்கு வருகிறது. ஆட்கள் அதைத் திறக்கிறார்கள், வலது பக்கத்து இலக்கங்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்க்கிறார்கள், மூடுகிறார்கள். பிறகு வெயிட்டரிடம், "எது நல்லது தம்பி?" என்று கேட்கிறார்கள். இதைவிடக் காசு கூடிய கேள்வி ஒன்று இல்லை. நல்லது எது என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? விலையைத்தான் பார்ப்பார்.

பட்டியல் நீளமானால் பயமும் நீளும். பாரிஸின் 5 ஆம் வட்டாரத்தில், செய்ன் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் 'லா தூர் தார்ஜான்' உணவகத்தின் வைன் பட்டியல் சுமார் 400 பக்கம், 8 கிலோ. அதில் ஏறக்குறைய 15,000 வகைகள். நிலவறையில் மூன்று இலட்சம் போத்தல் அளவில் கிடக்கின்றன. 2024 தொடக்கத்தில், அந்த நிலவறையிலிருந்து 15 இலட்சம் யூரோ பெறுமதியான போத்தல்கள் காணாமற் போயிருக்கின்றன என்று செய்தி வந்தது. இருப்பெடுக்கும்போதுதான் தெரியவந்ததாம். வீட்டுக்காரனுக்கே கணக்குப் பிடிபடாத பட்டியலை, சாப்பிட வந்தவர் பத்து நிமிடத்தில் படித்து முடிக்க முடியாது, முடிக்கவும் தேவையில்லை. தெரிந்தவர்கள் அதைப் படிப்பதில்லை, அதில் தேடுகிறார்கள். எதைத் தேடுவது என்பதற்கு முதலில் விலை எப்படி ஏறுகிறது என்று தெரியவேண்டும்.

பாரிஸில் ஒரு சாதாரண பிஸ்ரோவை எடுத்துக்கொள்வோம். உணவகக்காரர் 6 யூரோவுக்கு வாங்கும் போத்தலைப் பட்டியலில் 24 யூரோ போடுகிறார் என்று வைப்போம். பிரான்சில் உணவகச் சாப்பாட்டுக்கு வரி 10 வீதம், மதுவுக்கு 20 வீதம். ஆக 24 இல் 4 அரசாங்கத்துக்கு, 6 வைன்காரருக்கு. மீதி 14 கடைக்கு: வாடகை, சம்பளம், உடைகிற கிளாஸ், கழுவுகிற தண்ணீர், இலாபம். இப்போது 30 யூரோவுக்கு வாங்கிய போத்தலைப் பாருங்கள். அதையும் நாலால் பெருக்கினால் 120 ஆகிவிடும், ஆரும் வாங்கமாட்டார்கள். எனவே 75 போடுவார். வரி போக 62.50, வாங்கிய விலை போக 32.50. முதற் போத்தலில் நீங்கள் கொடுத்த காசில் கால்வாசிதான் வைன். இரண்டாவதில் ஐந்தில் இரண்டு பங்கு வைன். விலை ஏற ஏற, கொடுக்கிற ஒவ்வொரு யூரோவிலும் வைனின் பங்கு கூடுகிறது. இது உதாரணக் கணக்குத்தான். கடைக்குக் கடை மாறும். ஆனால் பட்டியலின் மேற்பகுதியில் பெரும்பாலும் இதே பக்கம்தான் சரிகிறது.

இதை வைத்துக்கொண்டு 'அப்படியென்றால் விலை கூடியதை வாங்குவதே இலாபம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 75 யூரோ போத்தலில் வீதம் குறைவாக இருக்கலாம், கடைக்குப் போகிற தொகை இரண்டு மடங்குக்கும் மேல். வீதத்தைக் குடிக்க முடியாது.

இன்னொரு பழைய கதை உண்டு. ஆகக் குறைந்த விலைப் போத்தலைக் கேட்க எல்லாருக்கும் வெட்கம். கஞ்சன் என்று நினைப்பார்களே என்று, அதற்கு அடுத்ததைக் காட்டுவார்கள். உணவகக்காரருக்கு இது தெரியும், அதனால் அந்த இரண்டாவது போத்தலில்தான் ஆகக் கூடிய இலாபம் வைத்திருப்பார்; எனவே அதைத் தொடவேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லண்டன் பொருளாதாரக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் டி மேசாவும், சசெக்ஸ் பல்கலைக்கழகத்து விக்ரம் பத்தானியாவும் லண்டன் உணவகங்களின் பட்டியல்களை எடுத்து, கொள்முதல் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது போத்தலில் ஏற்றம் குறைவு. அதற்கு மேலே இருக்கும் நாலு போத்தல்களில்தான் கூட. பட்டியலின் நடுப்பகுதிதான் ஏற்றத்தின் உச்சி. நடுப்பகுதி என்பது யார் வாங்குகிற இடம்? 'குறைந்ததும் வேண்டாம், கூடினதும் வேண்டாம்' என்கிற நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற இடம். ஆக, வெட்கத்துக்கு நாங்கள் கட்டுகிற வரி நினைத்ததைவிடக் கொஞ்சம் மேல்மாடியில் அறவிடப்படுகிறது.

கிளாஸ் கணக்கும் இப்படித்தான். ஒரு போத்தல் 75 சென்ரிலீற்றர். பிரான்சில் கிளாஸ் பெரும்பாலும் 12 சென்ரிலீற்றர். போத்தலுக்கு ஆறு கிளாஸ். 24 யூரோப் போத்தலின் வைனைக் கிளாஸ் 6 யூரோவுக்கு விற்றால் ஆறு கிளாஸ் 36 யூரோ. உணவகக்காரருக்கு முதல் கிளாஸோடு போட்ட காசு கிட்டத்தட்டத் திரும்பிவிடும். இரண்டு பேர் இருந்து ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தால் 24 யூரோ. அதே காசுக்கு முழுப் போத்தலும் வந்திருக்கும், இரண்டு கிளாஸ் மிச்சமாகவும் இருந்திருக்கும். ஒருவர் மட்டும் குடிப்பதென்றால் கிளாஸ் சரி. அப்போதும் ஒரு கேள்வியை விடக்கூடாது: இந்தப் போத்தல் எப்போது திறந்தது? நேற்று மத்தியானம் திறந்து, கவுண்டரில் நின்றபடி காற்று வாங்கிய வைனுக்குப் புதுப் போத்தலின் விலை கொடுப்பானேன். பிஸ்ரோக்களில் சின்னக் குடுவையில், 25 அல்லது 50 சென்ரிலீற்றர் அளவில், வீட்டு வைன் தருவார்கள். தினமும் போகிற சனம் குடிப்பது அதுதான். தினமும் வருகிற சனத்துக்குக் கூடாததை ஊற்றினால் கடை பூட்டவேண்டி வரும் என்பதால், அந்தக் குடுவையை நான் நம்புவேன்.

இனிப் பெயருக்கு வருகிறேன். பட்டியலில் உண்மையான காசு கிடப்பது அங்கேதான்.

குருநகர் மீன்சந்தையில் காலையில் போய் நின்று பார்த்தால் விளங்கும். வெளியிலிருந்து வருகிறவர் அறக்குளா இருக்கிறதா என்றுதான் கேட்பார். அவருக்கு அந்தப் பெயர் தெரியும், கூறி விற்கிறவருக்கும் அவருக்கு அது தெரியும் என்று தெரியும்; விலை அங்கேயே நின்றுவிடும். ஊர்ப் பெண்கள் பெயர் கேட்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள், அன்று எது துள்ளக் கிடக்கிறதோ அதை, சூடையாக இருந்தாலும், வாங்கிப் போய்ப் பொரிக்கிறார்கள்.

வைன் பட்டியலிலும் அறக்குளாக்கள் உண்டு. சான்செர், சாப்லி, ஷத்தோநெஃப் து பாப், பொமெரோல், ஷாம்பேன். மோசமானவை அல்ல. ஆனால் பெயருக்கென்று தனியாக ஒரு விலை ஒட்டியிருக்கும். பலவற்றுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். அதே திராட்சை, கிட்டத்தட்ட அதே மண், பெயர் மட்டும் வாயில் நுழையாது. சான்செரின் பக்கத்தில் மெனெத்து சலோன். சற்றுத் தள்ளிக் கென்சி, ரெய்யி. வெள்ளை எல்லாமே சோவிஞோன் பிளாங் திராட்சைதான். ஷத்தோநெஃபுக்கு ஆற்றின் மறுகரையில் லிராக். இந்தக் கரையில் வக்கெய்ராஸ். பொமெரோலுக்கு வடக்கே லாலாந்த் த பொமெரோல். ஷாம்பேனுக்கு மாற்றாகக் கிரெமோன்: லுவார், அல்சாஸ், பூர்கோஞ் எல்லா இடத்திலும் செய்கிறார்கள். போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிடும் அதே முறை, விலையோ பெரும்பாலும் பாதிக்கும் கீழே. பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தப் பக்கத்து வீடுகளைத் தேடிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று: வாயில் நுழையாத பெயர் ஒன்றை உணவகக்காரர் பட்டியலில் போட்டிருக்கிறார் என்றால் ஏன் போட்டார் என்று யோசிக்கவேண்டும். சாப்லியைப் போட்டால் தானாக விற்கும். ரெய்யியை யாரும் கேட்கமாட்டார்கள். அவருக்கோ அவருடைய வைன் பொறுப்பாளருக்கோ அது பிடித்திருந்தாலொழிய அங்கே இருக்காது. அதுபோல, பட்டியலில் ஒரு ஊர் மட்டும் வழக்கத்துக்கு மாறாக நிறைய இடம் எடுத்திருந்தால், அங்கே அவர்களுக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது. பத்துச் சிவப்பில் ஐந்து போர்த்துக்கலாக இருந்தால் போர்த்துக்கலையே வாங்குங்கள். தூரோவும் அலென்தேஜோவும் இன்னும் பெயருக்கு விலை கேட்கத் தொடங்கவில்லை. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டு வரி வசூலித்தவர்களின் நாட்டு வைன், இன்றைக்கு ஐரோப்பியப் பட்டியல்களில் ஆகக் குறைந்த வரியோடு கிடைக்கிறது என்று ஒரு குரூரத் திருப்தியும் சேரும்.

பெயர் நாக்கை ஏமாற்றும் என்பது சும்மா சொல்வதல்ல. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி, பிரெஞ்சு நடுவர்களுக்கு முன்னால் பெயர் மறைத்த போத்தல்களை வைத்தார். வெள்ளையில் கலிபோர்னியாவின் ஷத்தோ மொன்தெலேனா முதலாவது. சிவப்பில் அதே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். பெயரைப் பார்த்திருந்தால் ஒரு நடுவரும் அப்படிப் புள்ளி போட்டிருக்கமாட்டார். 2008 இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் இன்னொரு சோதனை: ஒரே வைனை 10 டொலர் என்றும் 90 டொலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்றதுதான் நன்றாக இருந்ததாக ஆட்கள் சொன்னார்கள். மூளையைப் படம்பிடித்தபோது, இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் 90 க்குத்தான் கூட வேலை செய்தது. அதாவது அவர்கள் பொய் சொல்லவில்லை. விலை உண்மையாகவே ருசித்திருக்கிறது. காசு கொடுப்பவருக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கு இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.

சரி, இதெல்லாம் பாரிஸ், லண்டன். யாழ்ப்பாணத்து மேசையில் என்ன செய்வது?

இங்கே பட்டியலை வாசிக்கும்போது பெயரைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது: வெக்கை. பாரிஸிலிருந்து திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவரோடு நகரத்தில் சாப்பிடப் போயிருந்தோம். குசினியில் காலம் போக்கியவர். அவர் பட்டியலைப் பார்க்குமுன் பாருக்குப் பின்னாலிருந்த தட்டைப் பார்த்தார். போத்தல்கள் வரிசையாக, நிமிர்ந்தபடி, மஞ்சள் பல்புக்குக் கீழே நின்றன. வந்த சிவப்பு வைனைத் திறக்கவிடவில்லை. உள்ளங்கையைப் போத்தலில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது சுடுது. ஒரு வாளியில ஐசும் தண்ணியும் விட்டு, கால் மணித்தியாலம் உதுக்குள்ள வையுங்கோ."

"சேர், இது றெட் வைன். றெட்டைக் குளிராக்கிறேல்லை, அறை வெப்பத்தில குடுக்கவேணும் எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தவை."

"அது அங்கத்தை அறை, தம்பி. இங்கத்தை அறையில்லை."

"மாமா, ஆக்கள் பாக்கினம்," என்றேன்.

"பாக்கட்டும். காசு ஆர் குடுக்கிறது?"

அவர் சொன்னது சரி. சிவப்பு வைனுக்குச் சொல்லப்படும் அறை வெப்பம் 16 முதல் 18 பாகை வரைதான். கல்வீடுகளின் குளிர்ந்த அறைகளை வைத்துச் சொன்னது. யாழ்ப்பாணத்துச் சித்திரை மத்தியானத்தில் 30 பாகை தாண்டிய வைனில் மதுவின் காரம் மட்டும் மூக்கில் அடிக்கும், பழம் செத்துப்போயிருக்கும். அதைவிட மோசம், மாதக்கணக்கில் அந்த வெக்கையில் நின்ற போத்தல். 2022 இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த நாட்களை மறந்துவிடவேண்டாம். குளிரூட்டிய அலுமாரி என்று ஒன்று இருந்திருந்தாலும் அது அப்போது வெறும் அலுமாரி.

எனவே இங்கே என் வாய்ப்பாடு வேறு. பழைய வருடத்துச் சிவப்பைத் தொடமாட்டேன், விலை கழித்திருந்தாலும். வருடம் எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. வெள்ளைக்கும் ரோஸுக்கும் இது இன்னும் கூடப் பொருந்தும். தக்கையைவிடத் திருகு மூடியை விரும்புவேன், ஏனென்றால் நிமிர்த்தி வைத்த போத்தலில் தக்கை காய்ந்து காற்று புகும். பாரின் குளிர்ப்பெட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று கேட்டு, அதிலிருந்து எடுப்பேன். அந்தப் பெட்டிக்குள் கிடக்கிற சாதாரணச் சிலி வெள்ளை, தட்டில் நிற்கிற பெரிய பெயர்ப் போர்தோவைவிடப் பத்து மடங்கு பெறுமதி. போத்தல் வந்ததும் பட்டியலில் இருந்த வருடமும் லேபலில் உள்ள வருடமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, பழுதா இல்லையா என்று பார்க்க. நனைந்த மட்டைப் பெட்டி மணத்தாலோ, வினாகிரி மணத்தாலோ, கூச்சப்படாமல் திருப்பி அனுப்புங்கள்.

அதற்கு முன் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரியை வாசியுங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் வேறு. 10,000 ரூபாப் போத்தலுக்குச் சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்த்தால் 11,000. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். அதைச் சேர்த்தால் 12,980. இந்தப் பெருக்கலைப் பில் வந்தபின் செய்வதைவிடப் பட்டியல் கையில் இருக்கும்போதே செய்வது நல்லது. பாரிஸில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே சேவையும் வரியும் விலைக்குள்ளேயே அடக்கம்.

சாப்பாட்டைப் பார்க்காமல் போத்தலைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டிருப்பது யாழ்ப்பாணத் தூள் போட்ட நண்டுக் கறியும் கணவாயும் என்றால், பட்டியலின் விலை கூடிய பாதி உங்களுக்குத் தேவையே இல்லை. கடும் துவர்ப்புள்ள சிவப்பு, மிளகாயோடு சேர்ந்தால் இரண்டும் சண்டை பிடிக்கும். 14 வீதத்துக்கு மேல் மது இருந்தால் உறைப்பு இன்னும் எரியும். மெல்லிய இனிப்புள்ள ஜேர்மன் ரீஸ்லிங், ரோஸ், நுரைக்கிற வைன், குளிராக்கிய பூஜொலே: இவைதான் பொருந்துகின்றன, இவைதான் விலையும் குறைவு. உறைப்பில்லாமல் அவித்த நண்டு என்றால் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து வருகிற முஸ்கதே. அதுவும் மீன்பிடிக்கிற சனத்தின் பக்கத்து வைன்தான், அங்கேயும் யாரும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை, விலையும் அதற்கேற்றபடி. ஒடியல் கூழோடு மட்டும் எந்த வைனையும் சேர்த்துப் பரிசோதிக்கவேண்டாம். கள் இருக்கும்போது எதற்கு?

உள்ளூர்ப் போத்தல் ஒன்றும் இருக்கிறது. 1928 இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடக்கிய செபமாலைத் துறவிகளின் மரபில் வருகிற கன்னியர்கள், நெல்லி ரசத்தோடு முந்திரிகை வைனும் செய்து விற்கிறார்கள். 'றொசெற்றோ' என்று பெயர். கறுவாவும் கிராம்பும் மணக்கும், நல்ல இனிப்பு, ஐரோப்பாவில் நத்தார்ச் சந்தைகளில் சூடாக்கித் தருகிற வைனை நினைவூட்டும். திருப்பலிக்கான வைன் கலப்பில்லாத முந்திரிகையாக இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வாசனைச் சரக்குப் போட்ட இது அதற்கானதல்ல, வீட்டுக்கானது. கறியோடு எடுபடாது, நத்தார்க் கேக்கோடு நன்றாக எடுபடும். நான் பார்த்த ஹோட்டல் பட்டியல் எதிலும் இது இல்லை. இறக்குமதி இனிப்பு வைனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒரு வரி ஒதுக்கத் தோன்றவில்லை.

வெளிநாட்டிலிருந்து போத்தலோடு வருகிறவர்கள் அதை ஹோட்டலுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்பதுண்டு. சில இடங்களில் விடுவார்கள், திறப்பதற்கு ஒரு கட்டணம் எடுப்பார்கள். மேசையில் வைத்தபின் கேட்காமல் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். லண்டன் டூட்டிங் பக்கத்துத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்துக் கடைப் பையோடு போய்ப் பழகியவர்கள் இங்கும் அதே நினைப்பில் போய் நின்று முகம் சிவக்கிறார்கள். கட்டணம், பட்டியலில் உள்ள குறைந்த விலைப் போத்தலின் பாதியைத் தாண்டினால் உங்கள் போத்தலைப் பையிலேயே விடுங்கள். அடுத்தநாள் காலை குருநகரில் நண்டு வாங்கி வீட்டில் காய்ச்சினால், அந்தப் போத்தலை யாரும் மூன்றாலும் நாலாலும் பெருக்கமாட்டார்கள்.

எதற்கும் புறப்படுமுன் கலண்டரை ஒருமுறை பாருங்கள். அன்றைக்குப் பூரணை என்றால், பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சட்டப்படி கிடைப்பது தோடம்பழச் சாறுதான். அதற்கும் 10 வீதம் சேவைக் கட்டணம் உண்டு.